குடித்தது மாணவன், கல்லூரி எங்கே பொறுப்பாகிறது?

கடலூரில் மது வாங்க 21 வயது ஆக வேண்டும். முள்ளோடையைத் தாண்டிப் பாண்டிக்குள் நுழைந்துவிட்டால் 18 போதும். இந்த இடைவெளிக்குள்தான் நம் கல்லூரிப் பிள்ளைகளில் பெரும்பாலோர் இருக்கிறார்கள். சனி, ஞாயிறு பைக்கில் எல்லை தாண்டிப் போகிறார்கள். சிலர் திரும்பும் வழியில் விழுகிறார்கள், சிலர் ஹாஸ்டலுக்கு வந்து சேர்ந்து அறையில் மயங்குகிறார்கள். அப்புறம் பெற்றோர் மஞ்சக்குப்பம் கோர்ட்டில் எங்களைப் போன்ற வக்கீல்களைத் தேடி வந்து கேட்கிறார்கள்: "சார், காலேஜ் மேல கேஸ் போட முடியுமா?"

பைக் விபத்து என்றால் பெரும்பாலும் முடியாது என்றுதான் சொல்கிறேன். விடுமுறை நாளில், வளாகத்துக்கு வெளியே, 18 வயது தாண்டியவர் தானே குடித்துவிட்டு ஓட்டினால் பொறுப்பு அவருடையது. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹாலைத் தாண்டினாலே குற்றம். முதல் முறைக்கே 10,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

ஹாஸ்டல் அறை அப்படியல்ல. கட்டணம் வாங்கி, கேட்டைப் பூட்டி, இரவில் வருகைப் பதிவும் எடுக்கிற இடம் அது. அங்கே ஒரு மாணவன் வாந்தி எடுத்து நினைவில்லாமல் கிடக்கிறான். சொன்னால் சஸ்பெண்ட் ஆகிவிடும் என்று நண்பர்கள் பயப்படுகிறார்கள். கடைசியில் வார்டன் வந்து பார்த்துவிட்டு, "தூங்கட்டும், காலையில் பேசிக்கலாம்" என்கிறார். குடிப்பதை நிறுத்திய பிறகும் சிறிது நேரம் ரத்தத்தில் ஆல்கஹால் ஏறிக்கொண்டே இருக்கும் என்பது அவருக்குத் தெரிவதில்லை. மல்லாந்து கிடப்பவருக்கு வாந்தி மூச்சுக்குழாயை அடைத்துவிடும். பையன் குடித்தான் என்பதற்காகக் கல்லூரி மாட்டுவதில்லை. தெரிந்த பிறகும் 108ஐக் கூப்பிடவில்லை என்பதுதான் வழக்கு. இழப்பீடு கல்லூரியோடு நிற்கலாம். குற்ற வழக்கு வார்டன் தலையில் நேராக விழும். கவனக்குறைவால் மரணம் விளைவித்தால், பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(1) பிரிவில் ஐந்து ஆண்டு வரை சிறை உண்டு.

அட்மிஷன் நாளில் "எது நடந்தாலும் நிர்வாகம் பொறுப்பல்ல" என்று கையெழுத்து வாங்குகிறார்களே, அந்தத் தாளைப் பார்த்துப் பயப்படாதீர்கள். நிர்வாகத்தின் சொந்த அலட்சியத்தை அது துடைத்துவிடாது. 1995இல் டல்ஹவுசி பப்ளிக் ஸ்கூல் என்ற பள்ளியின் பிக்னிக்கில் 14 மாணவர்கள் பியாஸ் ஆற்றில் மூழ்கி இறந்தார்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் 5 லட்சம் ரூபாய் தரச் சொன்ன தீர்ப்பை 2001இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. 2014இல் அதே ஆறு ஹைதராபாத் பொறியியல் மாணவர்கள் 24 பேரைக் கொண்டுபோனபோது, அணை நீரைத் திறந்துவிட்ட மின்வாரியத்தோடு கல்லூரியும் இழப்பீட்டில் பங்கு தர வேண்டும் என்றது ஹிமாச்சல் உயர் நீதிமன்றம். இரண்டிலும் மது இல்லை. ஆனால் கூட்டிக்கொண்டு போனவர் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற கடமை, ஐ.வி. என்கிற தொழிற்சாலைச் சுற்றுலா பஸ்ஸில் பாட்டில் ஏறும்போதும் இறங்கிப் போய்விடாது என்பதே என் வாதம். அமெரிக்காவில் 1979இல் ஒரு கல்லூரி இத்தகைய வழக்கில் தப்பியது உண்மை. பீர் வாங்கிய செக்கில் ஆசிரிய ஆலோசகரே கையெழுத்துப் போட்டிருந்தும், வளர்ந்த மாணவர்களுக்குக் கல்லூரி காவலாளி அல்ல என்றது அந்த நீதிமன்றம். அதை இங்கே அப்படியே எடுத்துக்கொள்ள நான் தயாரில்லை. நம் ஹாஸ்டல்கள் ஒன்பது மணிக்குக் கேட் பூட்டுகின்றன. கட்டுப்பாடு கையில் இருக்கும்போது கடமையும் அங்கேதான் இருக்கும்.

சீனியர்கள் வற்புறுத்திக் குடிக்க வைத்தால் அது ராகிங். நம் மாவட்டத்துச் சிதம்பரத்தில் 1996இல் மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்ட பிறகு வந்த 1997ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டத்தில், புகாரின் மேல் நடவடிக்கை எடுக்காத கல்லூரித் தலைவரும் குற்றத்துக்கு உடந்தையாகவே கருதப்படுவார். முதலாண்டு மாணவர்களில் பலருக்கு 17 வயதுதான் என்பதையும் யாரும் நினைப்பதில்லை. 18 நிரம்பாதவருக்கு மது கொடுத்தால் சிறார் நீதிச் சட்டத்தின் 77ஆம் பிரிவு: ஏழு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம். ஃப்ரெஷர்ஸ் பார்ட்டியில் ஊற்றிக்கொடுக்கிற சீனியருக்கும் இது பொருந்தும்.

பெற்றோர் கூட்டத்தில் ஒன்றைக் கேளுங்கள்: நண்பனுக்காக உதவி கேட்டவர்மேல் நடவடிக்கை கிடையாது என்று கல்லூரி எழுத்தில் தரட்டும். பிள்ளைகளிடமும் சொல்லிவையுங்கள்: மயங்கியவனை ஒருக்களித்துப் படுக்க வை, தனியே விடாதே, 108ஐக் கூப்பிட்ட பிறகு வார்டனிடம் போ.

நடக்கக் கூடாதது நடந்துவிட்டால், அந்த வாரமே கல்லூரி முதல்வருக்கு ஸ்பீட் போஸ்டில் கடிதம் அனுப்புங்கள்: சிசிடிவி பதிவு, கேட் பதிவேடு, இரவு வருகைப் பதிவு மூன்றையும் அழிக்காமல் வைக்கச் சொல்லுங்கள். கேமரா பழைய பதிவின் மேலேயே புதியதை எழுதிவிடும். மரணத்துக்கான இழப்பீட்டு வழக்கை இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். போலீஸ் விசாரணை முடியட்டும் என்று காத்திருந்தால் அந்தக் காலம் நமக்காக நிற்காது.