வதந்தி எப்படி உண்மையாகிறது?

1973 டிசம்பர் 8. ஜப்பானின் ஐச்சி மாநிலத்தில் ரயிலில் போய்க்கொண்டிருந்த மூன்று பள்ளி மாணவிகளில் ஒருத்திக்கு, டோயோகவா ஷிங்கின் என்ற உள்ளூர்க் கூட்டுறவு வங்கியில் வேலை கிடைத்திருந்தது. "அங்கே வேலை பார்ப்பது ஆபத்து" என்று தோழிகள் சீண்டினார்கள். வங்கி என்றால் கொள்ளைக்காரர்கள் வருவார்கள், அதுதான் கேலி. அந்தப் பெண் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டாள். வீட்டுக்குப் போனதும் உறவினர் ஒருவரிடம், "அந்த வங்கிக்கு ஏதாவது ஆபத்தா?" என்று கேட்டாள். அவர் தெரிந்த இன்னொருவரிடம் விசாரித்தார். பேச்சு ஓர் அழகு நிலையத்துக்குப் போய், அங்கிருந்து ஒரு சலவைக் கடைக்கு வந்து சேர்ந்தது.

13ஆம் தேதி அந்தச் சலவைக் கடைக்கு வந்த ஒருவர், கடைத் தொலைபேசியில் யாரிடமோ அந்த வங்கியிலிருந்து பெரிய தொகை ஒன்றை எடுக்கச் சொன்னார். அவருக்கு வதந்தி எதுவும் தெரியாது. தொழிலில் யாருக்கோ பணம் கொடுக்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான். கேட்டுக்கொண்டிருந்த கடைக்காரருக்கோ சந்தேகம் உறுதியாகிவிட்டது. தன் பணத்தை எடுத்ததோடு தெரிந்தவர்களுக்கும் சொல்லிவிட்டார். அன்று மட்டும் 59 பேர் சுமார் 5 கோடி யென்னை எடுத்தார்கள். "ஆபத்தாம்" என்பது "மூழ்கப்போகிறது" ஆகி, "நாளைக்குக் கதவே திறக்காது" வரை வளர்ந்தது. வங்கி கொடுத்த விளக்கங்களையும் மக்கள் சந்தேகத்தோடுதான் பார்த்தார்கள். கடைசியில் ஜப்பான் மத்திய வங்கி தலையிட்டு, பணம் கொண்டுவந்து, வங்கி நல்ல நிலையில் இருக்கிறது என்று பகிரங்கமாக அறிவிக்க வேண்டியிருந்தது. அதற்குள் நூறு கோடி யென்னுக்கும் மேல் வெளியே போயிருந்தது.

போலீஸ் வதந்தியின் வழியை ஒவ்வோர் ஆளாகப் பின்தொடர்ந்து அந்த ரயில் பெட்டி வரை போனது. திட்டமிட்டுப் பொய் சொன்னவர் என்று ஒருவரும் அகப்படவில்லை.

சமூகவியலைப் புதிதாகப் படிப்பவர்களுக்கு இதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியவில்லை. ஒருவரும் தவறு செய்ய நினைக்கவில்லை, ஆனாலும் எல்லோரும் சேர்ந்து ஒரு நல்ல வங்கியை விழுகிற நிலைக்குக் கொண்டுவந்தார்கள். இது எப்படி நடக்கிறது என்பதை அமெரிக்கச் சமூகவியலாளர் ராபர்ட் கே. மெர்ட்டன் 1948இல் ஒரு கட்டுரையில் விளக்கினார். தானே பலிக்கும் கணிப்பு என்ற கருத்து அதில்தான் பெயரும் வடிவமும் பெற்றது. ஆரம்பத்தில் பொய்யான ஒரு கணிப்பு, மக்களின் நடத்தையை மாற்றி, அந்த மாற்றத்தின் மூலமே உண்மையாகிவிடுகிறது என்பது அதன் சாரம். அவர் எடுத்துக்கொண்ட உதாரணமும் ஒரு வங்கிதான். 1932இல் வதந்தியால் விழும் ஒரு கற்பனை வங்கி.

மெர்ட்டன் இதை டபிள்யூ. ஐ. தாமஸ் என்ற சமூகவியலாளரிடமிருந்து தொடங்குகிறார். மனிதர்கள் ஒரு நிலைமையை உண்மை என்று எடுத்துக்கொண்டால், அதன் விளைவுகள் உண்மையாகிவிடும் என்று 1928இல் டோரத்தி தாமஸுடன் எழுதிய நூலில் சொன்னவர் அவர். அதற்கு அவர்கள் காட்டிய உதாரணம் உலுக்கக்கூடியது. தெருவில் தமக்குத் தாமே முணுமுணுத்துக்கொண்டு போனவர்களைக் கொன்ற ஒரு கைதி. உதடு அசைவதைப் பார்த்து, தன்னைத்தான் திட்டுகிறார்கள் என்று அவன் நினைத்தான். அந்த வசவு அவன் கற்பனை. கொலைகள் கற்பனை இல்லை.

ஹாலி வால்நட்சத்திரம் எப்போது வரும் என்று நாம் என்ன கணித்தாலும் அது தன் பாதையை மாற்றிக்கொள்ளாது. மனிதர்களைப் பற்றிய கணிப்பு மனிதர்கள் காதிலேயே விழுகிறது, அவர்கள் அதற்கேற்ப நடக்கவும் செய்கிறார்கள். இயற்கை அறிவியலுக்கு இல்லாத சிக்கல் இது.

வங்கி விஷயத்தில் இன்னொரு நுட்பமும் உண்டு. எந்த வங்கியும் நாம் போட்ட பணத்தை முழுவதும் பெட்டியில் வைத்திருப்பதில்லை. பெரும்பகுதி கடனாக வெளியே போயிருக்கும். எல்லோரும் ஒரே நாளில் கேட்டால் எவ்வளவு நல்ல வங்கியாலும் கொடுக்க முடியாது. ஆகவே வதந்தி பொய் என்று எனக்குத் திட்டவட்டமாகத் தெரிந்தாலும், மற்றவர்கள் அதை நம்புகிறார்கள் என்று தெரிந்துவிட்டால் நானும் வரிசையில் போய் நிற்பதுதான் புத்திசாலித்தனம்! வரிசையில் நிற்பவர்களை முட்டாள்கள் என்று சொல்லிவிட்டு நகர முடியாதது இதனால்தான். தனி மனிதனுக்கு வெளியே இருந்து அவனை நெருக்கும் சக்தியைச் சமூக உண்மை என்று 1895இல் பிரெஞ்சுச் சமூகவியலாளர் எமில் துர்க்கைம் அழைத்தார். அந்த வரிசை அப்படிப்பட்ட ஒன்று.

மெர்ட்டனுக்கு வங்கி ஒரு தொடக்கம்தான். அவருடைய உண்மையான கவலை இனவெறி. கறுப்பினத்தவர் வேலைநிறுத்தத்தை முறிப்பவர்கள், அவர்களைச் சங்கத்தில் சேர்க்கக் கூடாது என்று வெள்ளைத் தொழிலாளர்கள் பலர் நம்பினார்கள். சங்கத்திலும் இடமில்லை, வேலையும் இல்லை என்ற நிலையில், வேலைநிறுத்தம் நடக்கும் ஆலை கதவைத் திறந்தால் அவர்கள் எப்படிப் போகாமல் இருப்பார்கள்? போனார்கள். "சொன்னோம் இல்லையா?" என்றார்கள் வெள்ளைத் தொழிலாளர்கள். தாங்கள் பூட்டிய கதவுதான் அந்த முடிவை உண்டாக்கியது என்பது அவர்கள் கண்ணில் படவே இல்லை.

நம் மண்ணில் இதே கதை சட்டமாகவே எழுதப்பட்டது. 1871இல் பிரிட்டிஷ் அரசு கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டம், சில சமூகங்களைப் பிறப்பிலேயே குற்றவாளிகள் என்றது. 1911இல் திருத்தப்பட்டு சென்னை மாகாணத்துக்கும் வந்தது. மதுரைப் பக்கம் மக்கள் இதை ரேகைச் சட்டம் என்பார்கள். பெயரைப் பதிந்து, கைரேகை வைத்து, ஆண்கள் இரவில் போலீஸ் கண்காணிப்பில் போய்ப் படுக்க வேண்டும். வெளியூர் போக ராதாரிச் சீட்டு வேண்டும். 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் இதை எதிர்த்து நின்ற பிரமலைக் கள்ளர் மக்கள்மீது போலீஸ் சுட்டதில் பலர் இறந்தார்கள்.

அந்தச் சட்டத்தின்கீழ் ஒருவன் பிழைப்பதை யோசித்துப் பாருங்கள். ராத்திரி வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போக முடியாது. பக்கத்து ஊர் சந்தைக்கும் அறுவடைக்கும் போக அனுமதி வாங்க வேண்டும். பட்டியலில் பெயர் இருப்பவனுக்கு யார் வேலை கொடுப்பார்கள்? ஊரில் ஆடு காணாமல் போனால் முதலில் தேடப்படுபவன் அவன்தான். அனுமதி இல்லாமல் வெளியூர் போவதே குற்றம் என்பதால் அதற்கும் தண்டனை. தண்டனைகள் கூடக் கூட, பட்டியல் சரிதான் என்பதற்கு அவையே சாட்சியாகிவிடும்.

வகுப்பறையிலும் இதைத் தேடினார்கள். ரோசெந்தால், ஜேக்கப்சன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1968இல் வெளியிட்ட ஆய்வில், குலுக்கல் முறையில் எடுத்த சில குழந்தைகளை இந்த ஆண்டு நன்றாக மலரப்போகிறவர்கள் என்று ஆசிரியர்களிடம் சொன்னார்கள். முதல் இரண்டு வகுப்புகளில் அந்தக் குழந்தைகளின் நுண்ணறிவுத் தேர்வு மதிப்பெண் கூடுதலாக உயர்ந்தது, மேல் வகுப்புகளில் அவ்வளவாக இல்லை. ஆய்வின் முறை பற்றி அப்புறம் நிறைய சர்ச்சை நடந்தது. ஆகவே நம்பினால் எதுவும் நடக்கும் என்று இதை நீட்டுவது தவறு. ஒருவரின் நம்பிக்கை பலிக்க வேண்டுமானால் அவர் கையில் அடுத்தவர் வாழ்வை மாற்றும் பிடி இருக்க வேண்டும். ரேகைச் சட்டத்தை நடத்திய மாகாண அரசின் கையில் அது முழுவதும் இருந்தது.

இந்தச் சுழலை எப்படி உடைப்பது? மக்களுக்கு எடுத்துச் சொன்னால் போதும் என்பதை மெர்ட்டன் ஏற்கவில்லை, நானும் ஏற்கவில்லை. விதிகளையும் அமைப்புகளையும் மாற்ற வேண்டும் என்றார் அவர். அமெரிக்காவில் 1930 முதல் 1933 வரை சுமார் 9,000 வங்கிகள் வீழ்ந்தன. 1934 ஜனவரியில் வைப்புத்தொகைக் காப்பீடு, அதாவது வங்கி விழுந்தாலும் போட்ட பணம் ஒரு வரம்பு வரை திரும்பக் கிடைக்கும் என்ற உறுதி, நடைமுறைக்கு வந்தது. அந்த ஆண்டு வீழ்ந்த காப்பீட்டு வங்கிகள் 9 மட்டுமே. மக்களின் சுபாவம் மாறவில்லை, முண்டியடிக்க வேண்டிய காரணம் போய்விட்டது. இங்கும் 1960இல் கேரளத்தின் பாலை சென்ட்ரல் வங்கி மூடப்பட்ட அதிர்ச்சிக்குப் பிறகு, 1962 முதல் வைப்புத்தொகைக் காப்பீடு இருக்கிறது. இன்று ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் ரூபாய் வரை.

ரேகைச் சட்டமும் தானாகப் போகவில்லை. நீண்ட போராட்டத்துக்குப் பிறகு சென்னை மாகாணத்தில் 1947இல், நாடு முழுவதும் 1952இல் நீக்கப்பட்டது. ஆனாலும் அந்த நம்பிக்கை பல மாநிலங்களின் சிறை விதிகளில் ஒட்டிக்கொண்டே இருந்தது. அந்தப் பட்டியலிலிருந்து விடுவிக்கப்பட்ட சமூகங்களான சீர்மரபினரைப் பழக்கக் குற்றவாளிகளாகப் பார்க்கும் அந்த விதிகளை 2024 அக்டோபரில்தான் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது.