பெட்ரோலா, பேட்டரியா? பிரஷ் கட்டர் வாங்கும் முன்

பொள்ளாச்சிப் பக்கம் பண்ணைக் கருவிகள் பழுதுபார்க்கும் பட்டறை வைத்திருக்கிறேன். ஐப்பசி மழை ஓய்ந்து தோப்புகளில் புல் இடுப்பளவு எழும்பியதும், புல்லும் புதரும் வெட்டுகிற பிரஷ் கட்டரைப் பற்றிக் கேட்டுப் போன் வர ஆரம்பிக்கும். "ஏனுங்ணா, பேட்டரி மெஷின் எடுக்கலாங்களா, இல்ல பெட்ரோலே எடுத்துரலாங்களா?" என்பார்கள். "அங்க என்னங்க முளைச்சு நிக்குது?" என்று நான் திருப்பிக் கேட்பேன். "புல்லுதானுங்க" என்று பதில் வரும். போய்ப் பார்த்தால் அருகும் கோரையும் ஒரு பக்கம், பார்த்தீனியம் ஒரு பக்கம், வேலியோரம் விரல் தடிமனில் சீமைக்கருவேலங் கன்றுகள். நடுவில் மண்ணுக்குள் பாதி புதைந்த தென்னை மட்டை, அதற்கும் அடியில் சொட்டுநீர்க் குழாய். இதையெல்லாம் ஒரே மெஷினில் ஒரே பிளேடைப் போட்டு முடித்துவிடலாம் என்று நினைப்பவர்கள்தான் பிறகு பட்டறைக்கு அதிகம் வருகிறார்கள்.

கரடான நிலத்தில் இரண்டு வேலை இருக்கிறது. பல மாதம் கவனிக்காமல் விட்ட புதரை அடித்துத் தரையைக் கண்ணுக்குக் கொண்டுவருவது முதல் வெட்டு. அதன்பின் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை தட்டிவிடுவது பராமரிப்பு வெட்டு. முதல் வெட்டை மனதில் வைத்து மெஷின் வாங்காதீர்கள் என்பதுதான் நான் எல்லோரிடமும் சொல்வது. அந்த வேலைக்கு மெஷினோடு ஆளையும் சேர்த்து வாடகைக்குப் பிடித்துவிடுங்கள். கற்கள், கம்பித் துண்டுகள், மட்டைகளைப் பொறுக்கி ஓரம் போடுங்கள். அப்புறம் தரை தெரியும்போது, இனி மாதா மாதம் எவ்வளவு இடத்தை வெட்டப் போகிறோம் என்று பார்த்து வாங்குங்கள். வீட்டைச் சுற்றி இருபது முப்பது சென்ட் என்றால் நல்ல பேட்டரி மெஷின் போதும். ஏக்கர் கணக்கில் தோப்பு, வரப்பு, வாய்க்கால் கரை என்றால் இன்றைக்கும் பெட்ரோல்தான்.

பேட்டரியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஆன்லைனில் மலிவு விலை மெஷின்களின் படத்தில் 48V, 98VF, 128VF என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள். VF என்று ஓர் அளவே கிடையாது. உறையைக் கழற்றினால் பெரும்பாலும் உள்ளே ஐந்து லித்தியம் செல்களை வரிசையாக இணைத்திருப்பார்கள். ஒரு செல் முழுச் சார்ஜில் 4.2 வோல்ட், ஐந்துக்கும் சேர்த்து 21 வோல்ட். வேலை செய்யும்போது சராசரியாக 18 வோல்ட்தான் இருக்கும். விளம்பர எண்ணை விட்டுவிட்டு வோல்ட்டையும், பேட்டரியில் Ah என்று போட்டிருக்கும் ஆம்பியர் அவர் எண்ணையும் பெருக்கிப் பாருங்கள், பேட்டரியில் இருக்கும் மொத்தச் சக்தி வாட் அவர் (Wh) கணக்கில் கிடைக்கும். 18 வோல்ட், 2 ஆம்பியர் அவர் என்றால் 36 வாட் அவர். அடர்ந்த புல்லில் மோட்டார் 300 வாட் இழுத்தால் ஏழு நிமிடத்தில் நின்றுவிடும். செடிக்கு நடுவே முளைத்த புல்லைத் தட்ட அது போதும், தோப்புக்குப் போதாது.

தரமான கம்பெனிகள் 36, 40, 56 வோல்ட்டில் தருகிற மெஷின்கள் வேறு ரகம். 36 வோல்ட், 4 ஆம்பியர் அவர் பேட்டரியில் 144 வாட் அவர் இருக்கிறது. தடித்த புல்லில் 500 வாட் இழுத்தாலும் பதினேழு நிமிடம் ஓடும், இளம்புல்லில் இன்னும் கூடுதலாக ஓடும். அடிக்கடி வெட்டிப் புல்லைக் குட்டையாகவே வைத்திருந்தால் இதே பேட்டரியில் நிறைய இடம் முடித்துவிடலாம் என்பதால்தான் முதல் வெட்டை முன்னாலேயே வாடகைக்கு முடிக்கச் சொல்கிறேன். இரண்டு பேட்டரி இல்லாமல் இந்த வகையை வாங்க வேண்டாம். சில மெஷின்களில் பேட்டரி ஒன்றின் விலையே மெஷின் விலையில் பாதிக்குப் பக்கமாக வரும். அதையும் சேர்த்துக் கூட்டிய பிறகு பெட்ரோல் மெஷினோடு ஒப்பிடுங்கள்.

நம் ஊர் வெயிலையும் கணக்கில் எடுக்க வேண்டும். சித்திரை மத்தியானத்தில் வரப்பின் மேல் பேட்டரியை வைத்துவிட்டுச் சாப்பிடப் போகிறார்கள். லித்தியம் செல்லுக்குச் சூடுதான் முதல் எதிரி. வெட்டி முடித்ததும் கைக்குச் சுடும் பேட்டரியை உடனே சார்ஜரில் போடாமல், நிழலில் ஆறவிட்டுப் போடுங்கள். இரண்டு மூன்று மாதம் சும்மா வைப்பதாக இருந்தால் முழுச் சார்ஜிலும் வைக்க வேண்டாம், சுத்தமாகத் தீர்த்தும் வைக்க வேண்டாம். பாதி அளவில் வையுங்கள்.

வயர் இழுக்கும் கரண்ட் மெஷினைக் கரடான நிலத்துக்குச் சிந்திக்கவே வேண்டாம். வயரையே வெட்டிவிடும் ஆபத்து ஒரு பக்கம், ஈரப் புல் இன்னொரு பக்கம். வீட்டு முன்புறப் புல்தரைக்கு வேண்டுமானால், 30 மில்லி ஆம்பியர் மின்கசிவுக்கே துண்டிக்கும் ஆர்சிசிபி சுவிட்ச் உள்ள இணைப்பில் ஓட்டலாம்.

சரி, பெட்ரோலுக்கு வருவோம். டூ ஸ்ட்ரோக், ஃபோர் ஸ்ட்ரோக் என இரண்டு உண்டு. டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோலோடு 2டி ஆயிலைக் கலந்துதான் ஊற்ற வேண்டும். மெஷின் புத்தகத்தில் 50:1 என்று இருந்தால் லிட்டருக்கு 20 மில்லி, 25:1 என்றால் 40 மில்லி. டீ கிளாஸிலோ மூடியிலோ குத்துமதிப்பாக ஊற்றாதீர்கள். குறைந்தால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும், கூடினால் புகையும் கரியும். எடை குறைவு, வேகம் பிடிக்கும் சுறுசுறுப்பு ஆகியவை டூ ஸ்ட்ரோக்கின் பலம். ஃபோர் ஸ்ட்ரோக்கில் ஆயில் தனியாக இருப்பதால் கலக்கிற வேலை இல்லை, எரிபொருளும் குறைவாகக் குடிக்கும். ஹோண்டாவின் ஜிஎக்ஸ்35 இன்ஜின் 35.8 சிசி, எந்தப் பக்கம் சாய்த்தாலும் ஓடும்படி வடிவமைத்தது. ஆனால் எல்லா ஃபோர் ஸ்ட்ரோக்கும் அப்படி இல்லை, வாங்கும்போது கேட்டுக்கொள்ளுங்கள். கூலிக்கு ஆள் மாற்றி மாற்றி ஓட்டுகிற தோப்புக்கு நான் ஃபோர் ஸ்ட்ரோக்கைத்தான் சொல்வேன். ஆயில் கலக்க மறந்த டூ ஸ்ட்ரோக் மெஷின் ஒரு டேங்க் முடிவதற்குள்ளேயே என் மேஜைக்கு வந்துவிடும்.

எங்களிடம் வரும் பெட்ரோல் மெஷின்களில் அதிகமானவற்றின் நோய், பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரில் இருக்கிறது. 2025ல் நாடு முழுக்கப் பெட்ரோலில் 20 சதவீத எத்தனால் கலப்பு வந்துவிட்டது. எத்தனால் காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மழைக்காலத்தில் கேனில் ஒரு மாதம் கிடந்த பெட்ரோலில் தண்ணீர் அதிகமானால் எத்தனாலும் தண்ணீரும் பிரிந்து அடியில் தங்கும். மெஷின் முதலில் உறிஞ்சுவது அந்த அடித்தண்ணீரைத்தான். கார்புரேட்டரின் டயஃப்ரம், எரிபொருள் குழாய் போன்ற ரப்பர் பாகங்களும் நாளடைவில் விறைத்துப் போகும். அந்த வார வேலைக்கு வேண்டிய அளவே வாங்குங்கள். சீசன் முடிந்தால் டேங்க்கைக் காலி செய்து, ஸ்டார்ட் செய்து, தானாக நிற்கும்வரை ஓடவிட்டு மூலையில் வையுங்கள். இந்த ஒரு பழக்கம் இருந்தால் எங்கள் பட்டறைக்கு வருமானம் குறையும், பரவாயில்லை.

எந்த மெஷினாக இருந்தாலும் முனையில் மாட்டுவதுதான் வெட்டுகிறது. கல், சுவர், மரத்தூர் பக்கத்தில் இளம்புல்லுக்கு நைலான் நரம்பு. ஆனால் நரம்பு தென்னங்கன்றின் பட்டையை உரித்துவிடும், கன்றைச் சுற்றி ஓர் அடி கையால் பிடுங்குவதே நல்லது. கோரை, நாணல் மாதிரி முரட்டுப் புல்லுக்கு மூன்று பல் இரும்பு பிளேடு. விரல் தடிமன் தண்டுக்கு 80 பல் வட்ட பிளேடு. அதற்கு மேல் தடித்த கருவேலம் பிரஷ் கட்டரின் வேலையே இல்லை. மேலாக வெட்டினால் தூரிலிருந்து பல கிளையாகத் துளிர்த்து இன்னும் அடர்த்தியாகும், வேரோடு எடுக்க வேண்டும். பார்த்தீனியத்தைப் பூப்பதற்கு முன் வெட்டுங்கள் அல்லது பிடுங்குங்கள். நரம்பு போட்டு அடித்தால் அதன் சாறு தெறித்துக் கை, கழுத்தெல்லாம் அரிப்பு வரும். முழுக்கைச் சட்டை கட்டாயம். பேட்டரி ட்ரிம்மர்கள் பலவற்றில் இரும்பு பிளேடு போடவே கம்பெனி அனுமதிப்பதில்லை. துளை பொருந்துகிறதே என்று மாட்டிவிடாதீர்கள்.

கண்ணைப் பற்றிச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. சுழலும் பிளேடு கல்லில் பட்டால் கல்லும் தெறிக்கும், பிளேடின் இரும்புத் துணுக்கும் தெறிக்கும். வலைமுகமூடி பெரிய கல்லைத் தடுக்கும், சின்னத் துணுக்கைத் தடுக்காது. அதற்குள் மூடிய கண்ணாடியும் போட வேண்டும். மெஷின் ஓடும்போது 15 மீட்டருக்குள் யாரும் நிற்கக் கூடாது, "ஏய் தம்பி" என்று கூப்பிட்டுக்கொண்டு பின்னாலிருந்து தோளைத் தொடக் கூடவே கூடாது. வேகமாகத் தெறித்த இரும்புத் துணுக்கு கண்ணுக்குள் போனாலும் பெரிய வலி இல்லாமல் இருக்கலாம். லேசான உறுத்தல், மங்கல் என்றாலும் கசக்காமல், தாய்ப்பால், விளக்கெண்ணெய் எதையும் விடாமல் அன்றைக்கே கண் மருத்துவரிடம் காட்டுங்கள். பெட்ரோல் மெஷின் சத்தம் காதருகில் 100 டெசிபெலை ஒட்டி இருக்கும், காதடைப்பும் வேண்டும். பேட்டரியின் உண்மையான வசதி எனக்குத் தெரிந்து இந்தச் சத்தமும் அதிர்வும் குறைவாக இருப்பதுதான்.

பிளேடு மேலிருந்து பார்த்தால் இடஞ்சுழியாகச் சுற்றும். வலதிலிருந்து இடமாக வீசி, பிளேடின் இடப்பக்கத்தால் வெட்டுங்கள். முன்பக்க வலது ஓரம் தூரில் பட்டால் மெஷின் ஆளையே உதைத்துத் தள்ளும்.

வேளாண் பொறியியல் துறையின் மானியக் கருவிகளில் 'புதர் அகற்றும் கருவி' என்ற பெயரில் பிரஷ் கட்டரும் வரும். வாங்கிய பிறகு கேட்டுப் பயனில்லை, முதலில் துறை அலுவலகத்தில் கேட்டு விண்ணப்பித்துவிடுங்கள். கடையில் புத்தம்புது மெஷின் முதல் இழுப்பில் ஸ்டார்ட் ஆவதைப் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். பத்து நிமிடம் ஓட்டச் சொல்லி, நிறுத்தி, ஐந்து நிமிடம் கழித்துச் சூட்டோடு மறுபடி இழுக்கச் சொல்லுங்கள். மெஷினைத் தாங்கும் தோள் பெல்ட்டை நீங்களே மாட்டி, பிளேடு தரைக்கு இணையாகத் தொங்குகிறதா என்று பாருங்கள். ஸ்டார்ட்டர் கயிறு, நைலான் நரம்பு சுற்றும் ஹெட், டயஃப்ரம் மூன்றும் அந்தக் கடையிலேயே இருப்பு இருக்கிறதா என்று கேளுங்கள்.