ஆறு வாரத்துக்கு ஒரு ட்ரிப்ஸ் எப்படிப் போதும்?

வாசகி ஒருவர் எழுதிக் கேட்டிருக்கிறார்: "அம்மாவுக்கு நுரையீரல் புற்றுநோய். மூன்று வாரத்துக்கு ஒருமுறை 200 மில்லிகிராம் பெம்ப்ரோலிசுமாப் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். இப்போது ஆறு வாரத்துக்கு ஒருமுறை 400 மில்லிகிராம் என்று மாற்றிவிட்டார்கள். ட்ரிப்ஸ் அரை மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. அது 42 நாள் உடம்பில் நிற்குமா? போதாக்குறைக்கு, ஒல்லியான அம்மாவுக்கும் பக்கத்துக் கட்டிலில் இருக்கிற கனத்த மனிதருக்கும் ஒரே அளவாம். இது சரிதானா?"

காய்ச்சல் மாத்திரையை ஆறு மணி நேரத்துக்கு ஒன்று என்று விழுங்கிப் பழகிய யாருக்கும் வரக்கூடிய சந்தேகம்தான். பதில், நம் உடம்பு தன் சொந்த ஆன்டிபாடிகளை, அதாவது நோய்க்கிருமிகளை எதிர்க்கத் தானே தயாரிக்கும் புரதங்களை, பொத்திப் பாதுகாக்கும் விதத்தில் இருக்கிறது.

அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். புற்றுச் செல்லைக் கொல்லக்கூடிய டி-செல்கள் என்ற வெள்ளையணுக்களின் மேல் பி.டி-1 என்ற புரதம் இருக்கிறது. அதைத் தொட்டால் டி-செல் அடங்கிவிடும். பல புற்றுநோய்கள் இதைப் பயன்படுத்திக்கொண்டு தப்பிக்கின்றன. பி.டி-1 புரதத்தை 1992இல் அடையாளம் கண்டது ஜப்பானின் தசுகு ஹோன்ஜோ குழு. இதே போன்ற இன்னொரு தடுப்பை ஆராய்ந்த அமெரிக்கர் ஜேம்ஸ் அலிசனோடு சேர்த்து அவருக்கு 2018இல் நோபல் பரிசு கிடைத்தது. பெம்ப்ரோலிசுமாபும் நிவோலுமாபும் பி.டி-1 மேல் போய் உட்கார்ந்து, புற்றுநோய் அதைத் தொட முடியாமல் மறைக்கிற ஆன்டிபாடிகள். புற்றுச் செல்லை அவை நேரடியாகக் கொல்வதில்லை.

அளவு பற்றிய முதல் சூட்சுமம் இங்கேயே வந்துவிடுகிறது. கீமோ மருந்துகளில் அளவைக் கூட்டினால் பொதுவாக அழிவும் கூடும். அதனால் நோயாளி தாங்கக்கூடிய அதிகபட்ச அளவைத் தேடிப் பிடிப்பது பல ஆண்டுகாலப் பழக்கம். பி.டி-1 மருந்தில் அந்தக் கணக்கு எடுபடாது. டி-செல்கள் மேல் இருக்கும் பி.டி-1 எண்ணிக்கைக்கு ஓர் எல்லை உண்டு. நாற்பது இருக்கை உள்ள பேருந்தில் நாற்பது பேர் உட்கார்ந்த பிறகு, நிறுத்தத்தில் நானூறு பேர் நின்றாலும் உட்கார்ந்திருப்பவர் எண்ணிக்கை கூடாது.

2010இல் வெளியான நிவோலுமாபின் ஆரம்பகட்ட ஆய்வில் இது பளிச்சென்று தெரிந்தது. கிலோவுக்கு 0.3 மில்லிகிராம் முதல் 10 மில்லிகிராம் வரை கொடுத்துப் பார்த்தார்கள். எந்த அளவாக இருந்தாலும், ரத்தத்தில் சுற்றும் டி-செல்களின் பி.டி-1 புரதங்களில் 70 சதவீதத்துக்கு மேல் இரண்டு மாதத்துக்கும் கூடுதலாக மறைக்கப்பட்டே இருந்தன. பெம்ப்ரோலிசுமாபிலும் கிலோவுக்கு 2 மில்லிகிராம், 10 மில்லிகிராம் இரண்டையும் ஒப்பிட்டபோது பலன் கிட்டத்தட்ட ஒன்றுதான். நோயெதிர்ப்புச் செல்களைத் தூண்டிவிடும் எல்லா இம்யூனோதெரபி மருந்துகளுக்கும் இதைப் பொருத்திவிடக் கூடாது. அலிசன் ஆராய்ந்த தடுப்பைக் குறிவைக்கும் இபிலிமுமாபில் அளவு கூடினால் பக்கவிளைவும் கூடுகிறது.

சரி, உட்கார்ந்த மருந்து ஏன் சீக்கிரம் காணாமல் போவதில்லை? எனக்கு மிகப் பிடித்த பகுதி இதுதான்.

ரத்தக்குழாய்களின் உட்சுவரில் இருக்கும் செல்கள் சும்மா இருப்பதில்லை. ரத்த நீரைச் சின்னச் சின்னப் பைகளாக உள்ளே இழுத்துக்கொண்டே இருக்கின்றன. உள்ளே போன புரதங்களின் வழக்கமான கதி லைசோசோம். அங்கே அவை துண்டு துண்டாகச் சிதைக்கப்படும். ஐஜிஜி வகை ஆன்டிபாடிகள் மட்டும் பெரும்பாலும் தப்பித்துவிடுகின்றன. காப்பாற்றுவது அந்தப் பைகளுக்குள் காத்திருக்கும் எஃப்.சி.ஆர்.என் என்ற ஏற்பி.

ரத்தத்தின் பி.எச். அளவு 7.4. இழுக்கப்பட்ட பையின் உட்புறம் கொஞ்சம் கொஞ்சமாக அமிலமாகி 6ஐ ஒட்டி இறங்குகிறது. ஆன்டிபாடியின் தண்டுப் பகுதியில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலங்கள் குறிப்பிட்ட இடங்களில் இருக்கின்றன. பி.எச். 6ஐ நெருங்கும்போது ஹிஸ்டிடின் ஒரு புரோட்டானைப் பற்றிக்கொண்டு நேர்மின்னூட்டம் பெறும். எதிரே எஃப்.சி.ஆர்.என் புரதத்தில் எதிர்மின்னூட்டம் கொண்ட இடங்கள் இருக்கின்றன. இரண்டும் ஒட்டிக்கொள்கின்றன. ஏற்பியோடு ஒட்டிய ஆன்டிபாடி, சிதைக்கும் இடத்துக்குப் போகாமல் செல்லின் மேற்பரப்புக்குத் திரும்புகிறது. வெளியே மறுபடி 7.4. ஹிஸ்டிடின் அந்தப் புரோட்டானை விட்டுவிடுகிறது, பிடி தளர்கிறது, ஆன்டிபாடி மீண்டும் ரத்தத்தில் மிதக்கிறது. ஏற்பி அடுத்த ஆன்டிபாடிக்குத் தயாராகிவிடுகிறது. புரோட்டான் ஏறி இறங்குவதை வைத்து "இங்கே பிடி, அங்கே விடு" என்பதை ஒரு மூலக்கூறு எப்படித் தெரிந்துகொள்கிறது பாருங்கள்! எத்தனை முறை படித்தாலும் எனக்கு இதில் வியப்பு குறைவதில்லை.

இப்படி ஓர் ஏற்பி இருந்தாக வேண்டும் என்று 1960களிலேயே ஊகித்தவர் பிராம்பெல் என்ற விலங்கியலாளர். தாயிடமிருந்து குட்டிக்கு ஆன்டிபாடி எப்படிப் போகிறது என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. ரத்தத்தில் ஐஜிஜி கூடும்போது அது சிதையும் வேகமும் கூடுவதைக் கவனித்து, குட்டிக்குக் கடத்துவதும் சிதையாமல் காப்பதும் ஒரே வகை ஏற்பியின் வேலை என்றார். மூலக்கூறு அப்போது யார் கையிலும் இல்லை. 1989இல் அதன் மரபணு பிரித்தெடுக்கப்பட்டது. அந்த ஏற்பி வேலை செய்யாத எலிகளில் ஐஜிஜி வேகமாக அழிந்துபோவது 1996இல் தெரியவந்தது. புற்றுநோய் பற்றிய நினைப்பே இல்லாமல் செய்த ஆராய்ச்சி அது. "இதனால் உடனடியாக என்ன பயன்?" என்று கேட்டு அடிப்படை ஆராய்ச்சிக்கான நிதியை வெட்டுகிறவர்கள், இந்த மருந்துகள் உடம்பில் நிற்பது யார் கண்டுபிடித்த வழியில் என்று ஒருமுறை யோசிக்க வேண்டும்.

இந்தக் காப்பாற்றலின் பலனை எண்ணிக்கையில் பார்க்கலாம். இந்தச் சலுகை இல்லாத ஐஜிஎம் வகை ஆன்டிபாடியின் அரை ஆயுள், அதாவது ரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறைய ஆகும் காலம், சுமார் 5 நாள். ஐஜிஜிக்கு சுமார் 21 நாள். ஐஜிஜி வகையைச் சேர்ந்த பெம்ப்ரோலிசுமாபுக்கு சுமார் 22 நாள்.

இனி அம்மாவின் கணக்குக்கு வருவோம். அரை ஆயுளை மூன்று வாரம் என்றே வைத்துக்கொள்ளலாம். முதல் தடவை 200 ஏற்றினால், மூன்று வாரம் கழித்து 100 மிச்சம். அதன்மேல் 200 சேர்ந்து 300. அது 150 ஆகும்போது மறுபடி 200. இப்படியே போய் மேல்மட்டம் 400ஐயும் கீழ்மட்டம் 200ஐயும் ஒட்டி நிலைத்துவிடும். அதற்குச் சுமார் 16 வாரம் ஆகும். 400 மில்லிகிராமை ஆறு வாரத்துக்கு ஒருமுறை ஏற்றினால் அடுத்த தவணைக்குள் கால் பங்கு மிஞ்சும். மேல்மட்டம் 530ஐயும் கீழ்மட்டம் 130ஐயும் ஒட்டி நிற்கும். கீழ்மட்டம் குறைகிறது என்பது உண்மைதான். ஆனாலும் பி.டி-1 புரதங்களை மறைக்கத் தேவையானதைவிட அது இன்னும் நிறையவே அதிகம். மருந்துகளுக்கு அனுமதி தரும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்.டி.ஏ. 2020 ஏப்ரலில் இந்த ஆறு வார முறைக்கு அனுமதி தந்தபோது, இந்த மாதிரியான கணக்கீடுகள்தான் முக்கிய ஆதாரமாக இருந்தன.

எடை விஷயமும் இதோடு சேர்ந்ததுதான். இரண்டு மடங்கு எடை உள்ளவர் மருந்தை இரண்டு மடங்கு வேகத்தில் வெளியேற்றுவதில்லை. ஒன்றரை மடங்கை ஒட்டித்தான் இருக்கும். அதனால் எடை பார்த்துக் கொடுத்தாலும் பார்க்காமல் கொடுத்தாலும், பெரியவர்களின் ரத்தத்தில் மருந்தின் அளவு ஏறத்தாழ ஒரே வரம்புக்குள் வந்து நிற்கிறது. ஒரே அளவு என்றால் மருந்தகத்தில் கணக்குப் பிழை வர வாய்ப்பும் குறைவு. குழந்தைகளுக்கு மட்டும் எடைப்படிதான்.

ஏற்றும் முறையில் ஒன்றிரண்டு விஷயங்கள் கவனிக்கத்தக்கவை. 4 மில்லிலிட்டர் குப்பி ஒன்றில் 100 மில்லிகிராம் மருந்து. 400 மில்லிகிராமுக்கு நான்கு குப்பிகள். அதைச் சலைன் பையில் கலக்கும் செவிலியர் பையைக் குலுக்கமாட்டார், மெல்லத் தலைகீழாகத் திருப்பித் திருப்பிக் கலப்பார். குலுக்கினால் நுரை வரும். நுரையின் மேற்பரப்பில் புரதம் மடிப்புக் கலைந்து ஒன்றோடொன்று திரண்டுவிடும். அப்படி ஏதாவது திரண்டிருந்தால் ரத்தத்துக்குள் போகாமல் இருக்கத்தான் குழாயின் நடுவே மிக நுண்ணிய வடிகட்டி. ஏற்றும்போது குளிர் நடுக்கம், மூச்சுத்திணறல், முகம் சிவத்தல் வந்தால் உடனே சொல்ல வேண்டும். வேகத்தைக் குறைப்பார்கள் அல்லது நிறுத்துவார்கள். கடுமையான எதிர்வினை அரிது.

மருந்தின் அளவை இன்னும் குறைத்தால் என்ன என்ற கேள்வியும் நியாயமானதே. மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையில், முற்றிய தலை-கழுத்துப் புற்றுநோயாளிகளுக்கு வாய்வழி மருந்துகளோடு வெறும் 20 மில்லிகிராம் நிவோலுமாபை மூன்று வாரத்துக்கு ஒருமுறை சேர்த்துப் பார்த்தார்கள். வழக்கமான ஒரு தவணை 240 மில்லிகிராம். ஓராண்டு கழித்து உயிரோடு இருந்தவர்கள் நிவோலுமாப் சேர்க்காத குழுவில் 16.3 சதவீதம், சேர்த்த குழுவில் 43.4 சதவீதம். முழு அளவோடு நேருக்கு நேர் ஒப்பிட்ட ஆய்வு அல்ல இது. அதனால் யாரும் தாங்களாக அளவைக் குறைக்கச் சொல்லிக் கேட்க இது ஆதாரமாகாது. ஆனால் அந்த நேரடி ஒப்பீட்டைச் செய்தாக வேண்டும் என்று உரக்கச் சொல்கிறது. குறைவாக விற்பதற்கான ஆய்வுக்கு மருந்து நிறுவனம் பணம் போடாது. அரசுகள்தான் போட வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். சிகிச்சைக்கு நடுவே "எதிர்ப்பாற்றலைக் கூட்டும்" பொடி, கஷாயம் என்று உறவினர்கள் கொண்டுவந்து திணிப்பதை நான் வன்மையாக எதிர்க்கிறேன். பி.டி-1 தடுப்பு விலகிய டி-செல்கள் சில சமயம் தைராய்டு, குடல், நுரையீரல், கல்லீரல் என்று சொந்த உறுப்புகளையே தாக்கும். அந்த நேரத்தில் கல்லீரலைப் பாதித்தது மருந்தா பொடியா என்று டாக்டர் திணற வேண்டியிருக்கும். இந்தப் பக்கவிளைவுகளுக்கு கீமோவில் செய்வது போல மருந்தின் அளவைக் குறைத்துப் பார்ப்பதும் இல்லை. தள்ளிவைப்பார்கள், ஸ்டீராய்டு கொடுப்பார்கள், தேவைப்பட்டால் நிறுத்திவிடுவார்கள். நிறுத்திய பிறகும் மாதக்கணக்கில் அவை தலைகாட்டலாம். அதனால் வயிற்றுப்போக்கு, இருமல் என்று வேறு எந்த டாக்டரிடம் போனாலும் இம்யூனோதெரபி எடுத்ததை அம்மா முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

குழந்தை பெறும் வயதில் இருக்கும் பெண்கள் பெம்ப்ரோலிசுமாப் எடுத்தால், கடைசி ட்ரிப்ஸுக்குப் பிறகு 4 மாதம் வரை கருத்தரிப்பைத் தவிர்க்கச் சொல்வார்கள். 4 மாதம் என்பது ஐந்து அரை ஆயுளுக்குச் சற்று மேல், அதற்குள் மருந்தில் சுமார் 97 சதவீதம் போயிருக்கும். அதுவரை காத்திருக்கச் சொல்லக் காரணம், நஞ்சுக்கொடி வழியாகத் தாயின் ஐஜிஜியைக் கருவுக்குக் கடத்துவதும் அதே எஃப்.சி.ஆர்.என் ஏற்பிதான். தாய் உடம்பே தயாரித்த ஆன்டிபாடி எது, ட்ரிப்ஸில் வந்தது எது என்று அதற்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது.