பாட்டுக்கு ஏது பட்டை?

உப்புவெளித் தம்பி ஒருவர் தன் முதல் பாட்டை இணையத்தில் வெளியிடப் போகிறார். அதற்கு நிரப்ப வேண்டிய தமிழ்ப் படிவத்தை என்னிடம் கொண்டுவந்தார். "உங்கள் பாடலின் பட்டைக்குறியீட்டை எழுதவும்" என்று இருந்தது. "அண்ணா, பாட்டுக்கு எங்க பட்டை?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. இறுவட்டு (சிடி) வெளியீட்டு மேடைகளிலும், எந்த எண்ணையும் பட்டைக்குறியீடு என்கிற இதே பிழையைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

'பார்கோட்' என்ற ஆங்கிலச் சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 'பார்' என்றால் பட்டை. 'கோட்' இலத்தீனின் கோடெக்ஸ் வழி வந்தது: முதலில் மரத்தண்டு, பிறகு எழுதும் பலகை, பிறகு சட்டநூல், கடைசியில் சங்கேதம். இதைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான ஜோசப் உட்லண்ட் மியாமி கடற்கரை மணலில் தந்தி மொழியான மோர்ஸின் புள்ளிகளையும் கோடுகளையும் விரலால் கீழே இழுத்துப் பார்த்ததில் பிறந்த யோசனை இது. காப்புரிமை 1952இல் கிடைத்தது. கடையில் முதற்பொருள் 1974இல்தான் கருவியால் வருடப்பட்டது. அது ஒரு சூயிங்கம் பக்கற்.

சரி, தமிழில் என்ன? 'கோட்டுக்குறியீடு' என்று ஒரு கூட்டம் சொல்கிறது. திருகோணமலையில் ஒருவர் 'கோட்டுக்குப் போறன்' என்றால் நீதிமன்றத்துக்குப் போகிறார். கோட்டுக்குறியீடு என்றால் வழக்கு இலக்கம் என்றுதான் எங்கள் ஆட்கள் எடுப்பார்கள். பட்டையில் அந்தக் குழப்பம் இல்லை. கோணேசர் கோயிலுக்குப் போய்வருகிறவர்களின் நெற்றியைப் பார்த்தாலே விளங்கும். 'குறியீடு' என்று நீட்டவும் தேவையில்லை. அது கவிதை விமர்சகர்களின் சொல். தம்பலகாமத்து மாட்டுக்காரர் மாட்டுக்குச் சுடுவது குறிதான், யாரும் குறியீடு சுடுவதில்லை. ஆகவே பட்டைக்குறி. அதோடு நிறுத்தலாம்.

ஆனால் பெரிய பிழை அதில்லை. பட்டைக்குறி என்பது காரணப்பெயர். பட்டை இருக்கிற இடத்தில் மட்டும்தான் அந்தப் பெயர் செல்லும். இறுவட்டின் பின்னட்டையில் கோடுகள் இருக்கின்றன, அவற்றின் கீழே 12 அல்லது 13 இலக்கங்கள் இருக்கின்றன. (479 என்று தொடங்கினால் அந்த எண் இலங்கையில் வழங்கப்பட்டது.) அந்த எண் முழு வெளியீட்டுக்கும் உரியது, பத்துப் பாட்டு இருந்தாலும் எண் ஒன்றுதான். இணையத்தில் மட்டும் வெளிவந்தால் எண் இருக்கும், பட்டை இருக்காது. அதனால் கோடுகளைப் பட்டைக்குறி என்போம், எண்ணை வெளியீட்டு இலக்கம் என்போம்.

படிவம் கேட்டதோ இதையே அல்ல, ஐ.எஸ்.ஆர்.சி. (ISRC) என்ற ஒலிப்பதிவு எண்ணை. அது ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் தனித்தனி. அதுவும் 12 இடம் கொண்டதுதான், குழப்பத்துக்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் எழுத்தும் கலந்திருக்கும்: முதல் ஐந்து இடம் யாருக்கு ஒதுக்கியது என்பதைக் காட்டும், அடுத்த இரண்டு ஆண்டு, கடைசி ஐந்து வரிசை எண். அதே பதிவை நான்கு தொகுப்பில் போட்டாலும் எண் மாறாது. ரீமிக்ஸ் செய்தால் புதிது வேண்டும். மாட்டை விற்றால் புதுச் சொந்தக்காரர் வேறு குறி சுடுவாரே, அந்த மாட்டுக்கதை இங்கே செல்லாது. பதிவை யார் வாங்கினாலும் எண் பழையதுதான். இதை ஒலிப்பதிவு இலக்கம் என்றால் போதும். வெறும் 'பதிவிலக்கம்' என்றால் மோட்டார் சைக்கிள் நினைவுதான் வரும்.

மொழிபெயர்ப்பாளர்களோ ஐ.எஸ்.ஆர்.சி.யை 'சர்வதேச நியம ஒலிப்பதிவுக் குறிமுறை' என்று ஒரு பக்கம் வாய் வலிக்க எழுதுகிறார்கள், இல்லாவிட்டால் எல்லாவற்றுக்கும் பட்டை அடிக்கிறார்கள். பொருளைக் கையில் எடுத்துப் பார்ப்பதில்லை, சொல்லை மட்டும் அகராதியில் தேடுகிறார்கள். மெட்டுக்கும் வரிக்கும் சேர்த்து 'டி' (T) என்று தொடங்கும் இன்னோர் எண் உண்டு, ஐ.எஸ்.டபிள்யூ.சி. (ISWC). ஒரே பாட்டை இருவர் தனித்தனியே பாடிப் பதிந்தால் ஒலிப்பதிவு இலக்கம் இரண்டு, இந்தப் படைப்பு இலக்கம் ஒன்று. இதற்கும் யாரோ பட்டை ஒட்டி வைத்திருப்பார்கள்.

தம்பியின் படிவத்தைக் கடைசியில் ஆங்கிலப் பக்கத்தைத் திறந்து வைத்துத்தான் நிரப்பினோம்.