கணையத்துல எந்த இடம்னு காட்டிக்குடுக்குற ஸ்கேன்

பொறந்த கொழந்தைக்கு சுகர் கொஞ்சம் எறங்குறது சகஜம்தான், பால் குடிச்சா சரியாயிடும். ஆனா சில கொழந்தைங்களுக்கு குளுக்கோஸ் ட்ரிப் எவ்ளோ ஏத்துனாலும் நிக்கவே நிக்காது. கணையத்துல இருக்குற பீட்டா செல்லுங்க, சுகர் எறங்குனதுக்கு அப்புறமும் இன்சுலினை விட்டுக்கிட்டே இருக்கும். கன்ஜெனிட்டல் ஹைப்பர்இன்சுலினிசம்னு பேரு, சுமாரா 50,000 கொழந்தைல ஒண்ணுக்கு வரும். இன்சுலின் அதிகமா இருந்தா கொழுப்பு கரைஞ்சு கீட்டோன் உண்டாகுறதும் நின்னுடும், அதனால மூளைக்கு சுகரும் இல்ல, மாத்து எரிபொருளும் இல்ல. வலிப்பு வர்றது அதனாலதான்.

முதல்ல டயஸாக்ஸைட் மருந்து. அது பீட்டா செல்லுல இருக்குற பொட்டாசியம் சேனலைத் திறந்துவிட்டு இன்சுலினை நிறுத்தும், ஆனா ஏபிசிசி8, கேசிஎன்ஜே11 ஜீன் கோளாறுல அந்த சேனலே கெட்டுப்போயிருந்தா மருந்து பெரும்பாலும் எடுபடாது. அப்போதான் ஆபரேஷன் பேச்சு வரும். கோளாறு கணையம் முழுக்க பரவியிருந்தா 95 சதவீதத்துக்கு மேல வெட்டி எடுக்கணும், பின்னால டயாபடீஸ் வர்றதுக்கும் தயாரா இருக்கணும். ஒரே ஒரு இடத்துலதான்னா அதை மட்டும் எடுத்தா கொழந்தை குணம். வெளிய இருந்து பார்த்தா ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும், பாதிச்ச இடம் பெரும்பாலும் ஒரு சென்டிமீட்டர் கூட வராது, அல்ட்ராசவுண்ட், எம்ஆர்ஐ எதுலயும் சரியா தெரியாது.

ஃப்ளோரோடோபா பெட் ஸ்கேன் வேற வழில போகுது. இது உருவத்தைத் தேடல, செல்லு என்ன வேலை செய்யுதுன்னு பாக்குது. பீட்டா செல்லுங்க டோபாங்குற வேதிப்பொருளை உள்ள இழுத்து டோபமைனா மாத்தி வச்சுக்கும், அந்த டோபால கதிரியக்க ஃப்ளோரின்-18 ஒட்டி ஊசி போட்டா, வேலை அதிகமா நடக்குற எடத்துல அது சேந்து பளிச்சுனு தெரியும். கூடவே சிடி எடுத்து ரெண்டையும் ஒண்ணு மேல ஒண்ணு வச்சா கோளாறு கணையத்தோட தலைப்பகுதியா, வாலான்னு சர்ஜனுக்கு புரிஞ்சுடும். 2000-கள் நடுவுல பின்லாந்து, பிரான்ஸ் டாக்டருங்க இதை இந்த நோய்க்கு கொண்டுவந்தாங்க. அதுக்கு முன்னாடி கல்லீரல் வழியா குழாய் விட்டு கணையத்தோட ஒவ்வொரு ரத்தக்குழாய்லயும் இன்சுலின் அளந்தாங்க, பச்சக்கொழந்தைக்கு, நெனச்சாலே பகீர்னு இருக்கு.

சிக்கலும் இருக்கு. ஃப்ளோரின்-18 சுமாரா 110 நிமிஷத்துல பாதியாயிடும், அதனால தயாரிக்குற எடம் ரொம்ப தூரத்துல இருக்கக்கூடாது. பித்தநாளத்துலயும் இந்த ஊசி மருந்து சேரும், அது கணையத்தோட தலைப்பகுதிய ஒட்டியே ஓடுறதால ஏமாந்துபோக வாய்ப்பு இருக்கு.

ஸ்கேன் காட்டுன எடத்துக்கு போனாலும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாம இருக்கலாம், சில சமயம் ஓரத்துல விரல் மாதிரி நீண்டும் கெடக்கும். அதனால கொஞ்சம் கொஞ்சமா வெட்டி, உறைய வச்சு, நோயியல் டாக்டர் மைக்ராஸ்கோப்புல பார்த்து ஓரம் சுத்தம்னு சொல்ற வரைக்கும் தியேட்டர்ல காத்திருப்பாங்க. ஆபரேஷன் முடிஞ்சு கொழந்தை தேறுனதும் ட்ரிப்பை நிறுத்தி, கொஞ்ச நேரம் பட்டினி போட்டு, சுகர் நிக்குதா, கீட்டோன் வருதான்னு பாத்துட்டுதான் வீட்டுக்கு அனுப்புவாங்க.