ஒரே கம்பி, ரெண்டு சுரம்

1589ல பிரான்ஸ்ல ழான் தபூரோனு ஒரு பாதிரியார், தன் பேரோட எழுத்தையே கலைச்சுப்போட்டு துவானோ ஆர்போங்கிற பேர்ல டான்ஸ் கத்துக்குடுக்குற புத்தகம் ஒண்ணு போட்டாரு. அதுல பவான்னு மெதுவா ஆடுற டான்ஸுக்கு ஒரு பாட்டு இருக்கு, நாலு குரல், கூடவே ஒரு டிரம், அது பாட்டு முழுக்க டூம்... டக் டக், டூம்... டக் டக்னு அடிச்சுட்டே இருக்கும். இத லீவர் ஹார்ப்புல, அதாவது ஒவ்வொரு கம்பிக்கும் சுரத்த ஏத்த ஒரு குட்டி லீவர் இருக்குற யாழ் மாதிரி வாத்தியத்துல, வாசிக்கணும்னா சுண்டு விரலுக்கு வேலை கிடையாது, இருக்குறது எட்டு விரல்தான், அதனால நடுக்குரல் ரெண்டுல பாதிய தூக்கிடலாம், யாரும் தேட மாட்டாங்க.

நிஜ தலைவலி டிரம்தான், அதையும் ஹார்ப் கம்பியிலயே வாசிக்கணும். ஒரே பாஸ் கம்பிய திரும்பத் திரும்ப மீட்டினா என்னாகும்? அது இன்னும் அதிர்ந்துட்டு இருக்கும்போதே விரல் போய் பட்டா மொதல்ல ஒரு கரகரப்பு, அப்புறம்தான் சுரம். அதுக்கு வழி, டூம் கீழ் ஜிங்கிற சுரத்துல, டக் டக் மேல டியிலயும் ஜியிலயும்னு பிரிச்சுக் குடுக்குறது. தாளம் அப்படியே இருக்கும், ஒவ்வொரு கம்பிக்கும் மூச்சுவிட நேரம் கிடைக்கும்.

அடுத்தது எஃப்ங்கிற சுரம். ஹார்ப்புல அந்தக் கம்பி கறுப்பா இருக்கும், கண்டுபிடிக்குறது சுலபம். பாட்டு நடுவுல சாதா எஃப் வரும், ஆனா ஜியில போய் முடியுற இடத்துல எஃப் ஷார்ப், அதாவது அரைப்படி ஏத்துன எஃப், வேணும், இல்லன்னா முடிஞ்ச மாதிரியே இருக்காது. லீவர தூக்கினா கம்பியோட நீளம் கொறஞ்சு சுரம் அரைப்படி ஏறும், சரி, ஆனா தூக்க இடது கை வேணுமே! அதனால அந்த இடத்துல பாஸ்ல நீளமா ஒரு சுரம் வெச்சுட்டு, அது ஒலிச்சுட்டு இருக்குற நேரத்துல கைய மேல கொண்டு போறது வழக்கம். எனக்குப் பிடிச்சது வேற, ஒவ்வொரு கம்பிக்கும் தனி லீவர்ங்கிறதால மேல் எஃப்ப மொதல்லயே ஷார்ப்பா வெச்சுட்டு, சாதா எஃப்ப கீழ் ஆக்டேவ்ல, அதாவது கீழ் ஸ்தாயில, வாசிச்சுக்கலாம். ஏழு பெடல் இருக்குற பெரிய ஹார்ப்புல இது நடக்காது, ஒரு பெடல மிதிச்சா எல்லா எஃப்பும் சேந்து மாறும்.

லீவரே இல்லாத காலத்துல? ஸ்பெயின்ல லுடோவிகோன்னு ஒரு ஹார்ப் வித்வான், கம்பியோட மேல் நுனிய விரலால அழுத்தியே அந்த அரைப்படிய எடுத்தாராம். அவர மாதிரியே ஒலிக்கணும்னு அலோன்ஸோ முதர்ராங்கிற இசையமைப்பாளர் 1546ல விஹுவேலாங்கிற கிட்டார் மாதிரி வாத்தியத்துக்கு ஒண்ணு எழுதி, நடுவுல குறிப்பும் போட்டு வெச்சாரு, இங்கேர்ந்து சில அபசுரம் வரும், நல்லா வாசிச்சா மோசமா தெரியாதுன்னு.