கவ்வி வரும் குட்டியிடமிருந்து பறிக்காதீர்கள்

போன மாதம் சிங்கப்பூரின் செராங்கூன் கார்டன்ஸில் ஒரு தரைவீட்டுக்குப் போயிருந்தேன். ஐந்து மாத லாப்ரடார் குட்டி ஒன்று, பேரனின் பள்ளிக் காலுறையைக் கவ்வியபடி சாப்பாட்டு மேசைக்கு அடியில் பதுங்கியிருந்தது. ஒரு பக்கம் பாட்டி துடைப்பத்தோடு நின்றார். மறுபக்கம் பணிப்பெண் குனிந்து கையை நீட்டினார். குட்டி இருவரையும் மாறி மாறிப் பார்த்தது. தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது. காலுறை உள்ளே போய்விட்டது.

“தினமும் இதே திருட்டுத்தான் தம்பி” என்றார் பாட்டி. உடனே கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். வாந்தியெடுக்க வைத்து வெளியே எடுத்துவிட்டார்கள். குடலுக்குள் இறங்கியிருந்தால் வயிற்றைக் கிழித்துத்தான் எடுக்க வேண்டியிருந்திருக்கும்.

நாய்ப் பயிற்சியாளராகச் சொல்கிறேன்: அந்தக் குட்டி திருடவில்லை. கவ்வி எடுத்து நம்மிடம் கொண்டுவருவதற்கென்றே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து வளர்த்த இனம் அது. நியூஃபவுண்ட்லாந்து மீனவர்களோடு தண்ணீரில் உழைத்த நாய்களின் வழிவந்தது. பிரிட்டனில் வேட்டைக்குப் பழக்கினார்கள். 1903இல் அங்கே நாய் இனங்களைப் பதிவுசெய்யும் அமைப்பான கென்னல் கிளப் அதைத் தனி இனமாக ஏற்றது. நம் தமிழ்நாட்டு வேட்டை நாய்களான சிப்பிப்பாறையும் கன்னியும் முயலைக் கண்ணால் கண்டு விரட்டிப் பிடிப்பவை. லாப்ரடாரின் வேலையே வேறு. துப்பாக்கிக்காரரின் காலடியில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். வாத்து எங்கே விழுகிறது என்று பார்த்து மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். சொன்ன பிறகே போய், பல் பதியாமல் கவ்வி வந்து கையில் கொடுக்க வேண்டும். பிரிட்டனில் இந்த நாய்களுக்கு நடக்கும் போட்டிகளில் நடுவர் பறவையின் விலாவைத் தடவிப் பார்ப்பார். நாய் கடித்து நொறுக்கியிருந்தால் அதற்குப் போட்டி அத்தோடு முடிந்தது.

சிங்கப்பூரில் அனுமதியின்றிக் காட்டுயிர்களைப் பிடிப்பதும் கொல்வதும் குற்றம். வேட்டை இங்கே கிடையாது. குட்டிக்கு அது தெரியுமா? வாத்து இல்லாத வீட்டில் காலுறைதான் வாத்து.

ஆகவே அந்த ஆசைக்கு ஒரு வேலை கொடுங்கள். வீட்டின் குறுகலான நடைவழியில், கதவுகளைச் சாத்திவிட்டுத் தரையில் பக்கவாட்டாக உட்காருங்கள். பழைய துண்டைச் சுருட்டிக் கட்டி, அதை இரண்டு மூன்று அடி தூரத்துக்கு உருட்டிவிடுங்கள். குட்டி கவ்விக்கொண்டு திரும்பும். போக வேறு வழியில்லை. இப்போதுதான் எல்லாரும் தவறு செய்கிறார்கள். கை நேராக வாய்க்குப் போகிறது. கை வந்தால் பொருள் போய்விடும் என்று குட்டி ஒரே நாளில் கற்றுக்கொள்கிறது. அடுத்த முறை ஓடும். அதற்கடுத்த முறை விழுங்கும். வாயைத் தொடாதீர்கள். மார்பையும் தோளையும் தடவிக்கொடுங்கள். துண்டை வைத்துக்கொண்டே அது உங்கள் மடியில் சாயட்டும். மனத்துக்குள் பத்து வரை எண்ணிய பிறகு தாடைக்குக் கீழே உள்ளங்கையை ஏந்துங்கள். தானாக விட்டால், பாராட்டிவிட்டு அதையே திருப்பிக் கொடுங்கள். நான் சொல்லித்தரும் எல்லாவற்றிலும் இந்தத் திருப்பிக் கொடுத்தலைத்தான் பெரிதாக நினைக்கிறேன். கொடுத்தால் இழப்பில்லை என்று தெரிந்த குட்டி, பேனாவைக் கவ்வினாலும் உங்களிடம்தான் வரும்.

ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை போதும். இன்னும் வேண்டும் என்று குட்டி கேட்கும்போதே நிறுத்துங்கள். நான்காம் மாதத்திலிருந்து ஏறக்குறைய ஏழாம் மாதம்வரை பால் பற்கள் விழுந்து புதிய பற்கள் முளைக்கும். ஈறு வலிக்கிற நாள்களில் துண்டே வேண்டாம். இழுபறி விளையாட்டு கடித்துப் பிடிப்பதைப் பழக்கும், அதையும் நான் தவிர்க்கச் சொல்வேன்.

வளர வளர, ஐந்து முறை வீசினால் மூன்று முறை நீங்களே போய் எடுங்கள். குட்டி உட்கார்ந்து பார்க்கட்டும். வீசியதெல்லாம் தனக்கில்லை என்று அது அறிந்துகொள்ள வேண்டும். பீஷான்–அங் மோ கியோ பூங்காவில் நீர்நாய்க் கூட்டமோ உடும்போ குறுக்கே வரும்போது அந்தப் பொறுமைதான் கைகொடுக்கும். அதற்காக வாரைக் கழற்றிவிடாதீர்கள். பொது இடத்தில் வார் கட்டாயம். வெயிலுக்கு முன் காலையில் பழக்குங்கள். மூச்சிரைப்பு அடங்கவில்லை என்றால் அன்றைய பாடம் முடிந்தது.

எவ்வளவு பழக்கினாலும் ஒருநாள் எதையாவது விழுங்கிவிடக்கூடும். உப்புத் தண்ணீர் புகட்டாதீர்கள். அது நாய்க்கு ஆபத்து. விழுங்கிய நேரத்தைக் குறித்துக்கொண்டு உடனே மருத்துவரை அழையுங்கள். முதல் இரண்டு மணி நேரத்துக்குள் போனால் அறுவை சிகிச்சையின்றி எடுக்க வாய்ப்பு அதிகம். போகும்போது ஜோடியில் மிச்சமிருக்கும் காலுறையையும் எடுத்துச் செல்லுங்கள். எவ்வளவு பெரிய துணி உள்ளே கிடக்கிறது என்பதை மருத்துவர் கையில் பிடித்துப் பார்த்துவிடலாம்.